அந்த அப்பாவை எனக்குக் கொடுத்தது தேவனா?

கேள்வி:

பாஸ்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனில் ஒரு தாமான் வீட்டில் கணவர், 13 வயது மகள், என் அம்மா ஆகியோருடன் இருக்கிறேன். அப்பா முதலில் பால்மரம் சீவினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினார். சம்பளம் போட்ட அன்று சம்சு குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். மோட்டார் சத்தம் கேட்டதுமே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் பின்கதவு வழியாக அடுத்த வீட்டுப் பாட்டியிடம் அனுப்பிவிடுவார். அந்தப் பாட்டி மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு 13 வயதாகும்போது அப்பா வேறொரு பெண்ணோடு போய்விட்டார். அம்மா ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்து எங்களை ஆளாக்கினார். 28 வருஷம் கழித்து இப்போது அப்பா சித்தப்பா வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சித்தப்பா மூலமாக இரட்சிக்கப்பட்டு, போன வருஷம் ஞானஸ்நானமும் எடுத்துவிட்டார். "இனி மகள் வீட்டில்தான் இருக்கணும்" என்கிறார் சித்தப்பா. எங்கள் பாஸ்டரோ, "அந்த அப்பாவை உனக்குத் தெரிந்தெடுத்துக் கொடுத்ததே தேவன்தான். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும். யோசேப்பைப் போல மன்னித்துச் சேர்த்துக்கொள்" என்றார். அப்பா போனில், "பழசை எதுக்குக் கிளறணும், ஆண்டவரே மறந்துட்டாரு" என்றார். மன்னிக்க முடியாததால் மூன்று மாதமாக நான் திருவிருந்து எடுக்கவில்லை. என் அண்ணன் ஜொகூரில் இருக்கிறார், தம்பி ஈப்போவில். இருவரும் "உன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

தேவன்தான் அவரைக் கொடுத்தார் என்றால் நான் யார்மேல் கோபப்படுவது? அவரைக் கூட்டிவராவிட்டால் தேவசித்தத்தை எதிர்க்கிறேனா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சித்தப்பா சொன்னது, பாஸ்டர் சொன்னது, அப்பா சொன்னது, அண்ணன் தம்பி சொன்னது எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் உங்களோடு இருக்கும் அம்மா என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். உங்களை அதிகமாக அழுத்துவது யோசேப்பின் பெயர்தான் என்று தெரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

"நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்." ஆதியாகமம் 50-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று பாருங்கள். குழியில் தள்ளப்பட்டவன் சொன்னான். தள்ளிய அண்ணன்மார்கள், "தம்பி, எல்லாம் நன்மைக்குத்தானே, பார், நீ பிரதமராகிவிட்டாய்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைவிட அருவருப்பான பேச்சு வேதாகமத்தில் வேறு இருந்திருக்காது. வேடிக்கை பார்த்தவர்களும் சொல்லவில்லை. அடிபட்டவன் தானாக, தன் வாயால் சொன்னான்.

எப்போது சொன்னான் என்பதையும் கணக்குப் பண்ணிப் பாருங்கள். விற்கப்பட்டபோது அவனுக்கு 17 வயது. பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. பிறகு ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம். ஆக, "தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்" என்று அண்ணன்மாரிடம் முதன்முதலில் சொன்னபோது அவனுக்கு ஏறக்குறைய 39 வயது. இடையில் 22 வருஷம் ஓடியிருந்தது. பாஸ்டர் உங்களுக்குக் காட்டிய 50:20-ஐச் சொன்னது, யாக்கோபு எகிப்தில் மேலும் 17 வருஷம் வாழ்ந்து மரித்த பிறகு. அதற்குள் யோசேப்புக்கு 56 ஆகிவிட்டது. சிறைச்சாலையில் இருந்தபோது இந்த வசனம் அவனிடம் இல்லை. அங்கே அவன் பானபாத்திரக்காரனிடம் சொன்னது, "நான் எபிரெயருடைய தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டேன்" என்பதுதான். களவு நடந்தது என்றே சொன்னான், பூசி மெழுகவில்லை.

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. நம் பிரசங்கங்கள் அதைத் தாண்டிப் போய்விடும். எகிப்துக்கே அதிகாரியாக இருந்த ஏழு விளைச்சல் வருஷங்களில் யோசேப்பு நினைத்திருந்தால் கானானுக்கு ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்து, தன் தகப்பனுடைய வீட்டாரையெல்லாம் மறக்கும்படி தேவன் செய்தார் என்று காரணமும் சொன்னான். இதற்காக வேதம் அவனை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றபோதும் அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பவனை நடுவில் வைத்துப் பேசினான். ஒருவனைப் பிடித்து வைத்தான். கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதித்தான். அவர்கள் மாறியிருக்கிறார்களா, அல்லது பசியால் பணிந்து நிற்கிறார்களா என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முன்பு "தம்பியை விற்றுவிடலாம்" என்று யோசனை சொன்னவன் யூதா. அதே யூதா, "இளையவனை விட்டுவிடும், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன்" என்று முன்னால் வந்தான். யோசேப்பு உடைந்து சத்தமிட்டு அழுதது அதற்குப் பிறகுதான். ஆக, "யோசேப்பைப் போல" என்று யாராவது சொன்னால், 42-ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சரி, "தேவன்தான் கொடுத்தாரா?" என்ற கேள்விக்கு வருவோம். சுவிசேஷ சபைகளுக்குள் இதற்கு ஒரே பதில் கிடையாது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. சீர்திருத்த மரபினர் 1646-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எடுத்துக்காட்டுவார்கள். நடப்பது எதுவும் தேவனுடைய ஆளுகைக்கு வெளியே இல்லை என்பது அவர்கள் நிலை. ஆனால் அதே அறிக்கையின் ஐந்தாம் அதிகாரம், பாவத்தின் பாவத்தன்மை மனிதனிடமிருந்து மட்டுமே வருகிறது, தேவனிடமிருந்து அல்ல என்றும் கறாராகச் சொல்கிறது. வெஸ்லியின் வழியில் வந்த மெதடிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலோரும் வேறு மாதிரி சொல்வார்கள்: தேவன் மனிதனுக்கு உண்மையான சுயாதீனத்தைக் கொடுத்திருக்கிறார், அவன் செய்யும் தீமையை அனுமதிக்கிறார், திட்டம் போட்டுச் செய்விப்பதில்லை. மனிதன் நாளைக்கு எதைத் தெரிந்துகொள்வான் என்பதே இன்னும் தீர்மானமாகாத ஒன்று, ஆகவே தேவன் அதை முன்கூட்டியே அறிவதில்லை என்று சொன்ன சிலரும் உண்டு. அமெரிக்காவின் சுவிசேஷ இறையியல் சங்கம் 2001-இல் அதை மறுத்துத் தீர்மானமே நிறைவேற்றியது.

இந்த மூன்று தரப்பும் மணிக்கணக்கில் வாதாடும். நான் மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்தவன், என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் அப்பாவின் கையை ஓங்கவைத்தது தேவன் என்று இவர்களில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல" என்ற யாக்கோபின் வார்த்தை எல்லோருக்கும் பொது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதைக் கவனியுங்கள். இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவனுடைய நிர்ணயித்த ஆலோசனையின்படி என்கிறார். அதே மூச்சில், "நீங்கள் பிடித்து, அக்கிரமக்காரருடைய கைகளினால் ஆணியடித்துக் கொலைசெய்தீர்கள்" என்கிறார். தேவதிட்டம் என்பதால் குற்றம் குறையவில்லை. கேட்டவர்கள் இருதயத்தில் குத்துண்டு, "என்ன செய்யவேண்டும்" என்றபோது, "மனந்திரும்புங்கள்" என்றார். "கவலைப்படாதீர்கள், எல்லாம் நன்மைக்கே" என்று அவர்களைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை.

ஆகையால் யார்மேல் கோபப்படுவது என்று கேட்டீர்களே, அப்பாமேல்தான். அந்தக் கோபத்துக்கு நியாயமான முகவரி அதுதான். தேவனிடமும் முறையிடலாம், சங்கீதங்களில் பாதி அதுதானே. என்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், ஆனால் நீயல்லவா என்று 55-ஆம் சங்கீதத்தில் தாவீது கதறுகிறார். வீட்டுக்குள்ளிருந்து வந்த காயத்துக்கு அந்தச் சங்கீதம் தோதாக இருக்கும்.

உங்கள் பாஸ்டரைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. பத்து வீட்டுப் பிரச்சினைக்கு ஒரே வாரத்தில் பதில் சொல்லவேண்டிய மனிதர் கையில் கிடைத்த வசனத்தை எடுத்துக் கொடுப்பார். ஆனால் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. லயத்தில் பாட்டிகள் "தலையெழுத்து" என்று சொல்லி முடித்துவைத்த இடத்தில், நாம் வேதவசனத்தைப் போட்டு அதே கதவைச் சாத்துகிறோம். தலையெழுத்துக்கு யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நாம் விசுவாசிக்கும் தேவனோ, "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?" என்று காயீனிடம் கேட்டவர். முதல் குடும்பத்திலேயே கணக்குக் கேட்டுவிட்டார்.

தோட்டத்து ஆண்களின் குடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கொடுத்த கூலியின் ஒரு பங்கு சாயங்காலமே அங்கே திரும்பிப் போகும். பிறகு மலிவான சம்சு வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததில் பலருக்குத் தெரிந்த தொழிலும் போனது. உங்கள் அப்பா எந்த மண்ணில் முளைத்தவர் என்று புரிந்துகொள்ள இதெல்லாம் உதவும். ஆனால் அதே லயத்தில், அதே கூலியில், அதே கடையைத் தாண்டி நடந்து, பெண்டாட்டியை அடிக்காமல் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். உங்களுக்கே நாலு பேர் ஞாபகத்துக்கு வருவார்கள்.

தேவனுடைய பராமரிப்பு உங்கள் பிள்ளைப் பருவத்தில் எங்கே இருந்தது என்று கேட்டால், நான் உங்கள் அப்பாவிடம் தேடமாட்டேன். அடுத்த வீட்டுக்குப் போவேன். அந்தப் பாட்டி கட்டிலுக்கு அடியில் மூன்று பிள்ளைகளை ஒளித்துவைத்துவிட்டு வாசலில் பாக்கு இடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்தப் பாட்டிக்கு அத்தனை பாக்கு வேண்டியிருக்கிறது? இடிக்கும் சத்தத்தில் நீங்கள் விசும்பும் சத்தம் வெளியே கேட்காது. வாசலில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்திருக்கும்போது குடித்தவன் கதவைத் தள்ளவும் கூச்சப்படுவான். அவர் நம் விசுவாசத்தில் இல்லாதவர் என்பது உங்களைக் குழப்பவேண்டாம். பாரசீகத்தின் கோரேசு ராஜாவைத் தன் கையில் எடுத்துப் பயன்படுத்தின தேவன், "நீ என்னை அறியாதிருந்தும்" என்று அவனிடமே இரண்டு தடவை சொல்கிறார், ஏசாயா 45-இல். தேவன் வானத்திலிருந்து மின்னலை இறக்கித்தான் காப்பார் என்றில்லை. பெரும்பாலும் மனுஷர் கையால்தான் காக்கிறார், அந்தக் கை உலக்கை பிடித்த கையாகவும் இருக்கலாம். அந்தப் பாட்டி உயிரோடிருந்தால் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் அம்மாவும் ஆயாக் கொட்டகையில் ஊரார் பிள்ளைகளைத் தொட்டில் ஆட்டி உங்கள் மூவரையும் வளர்த்தார். அங்கேயும் தேடலாம்.

ரோமர் 8:28-ஐ உங்களிடம் சொன்னவர்கள் அடுத்த வசனத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே பவுல் சொல்லும் நன்மை, தேவனுடைய குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. குடும்பம் பழையபடி ஒரே வீட்டில் சேர்ந்து குரூப் போட்டோ எடுப்பது அல்ல. சில குடும்பங்களில் அதுவும் நடக்கும், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த வசனம் அதற்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. நம் மெதடிஸ்ட் சபைகளுக்கு மூலபுருஷரான ஜான் வெஸ்லி 1751-இல் ஒரு விதவையை மணந்தார். அந்தக் கல்யாணம் கடைசிவரை சரிப்படவில்லை. அந்த அம்மாள் பல முறை பிரிந்து போனார். 1781-இல் அவர் மரித்தபோது, அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்குச் செய்தியே வந்தது. தப்பு இரண்டு பக்கமும் இருந்தது என்றே வரலாறு வாசித்தவர்கள் சொல்வார்கள். அந்த மனிதர்தான் 1786-இல், தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்ற வசனத்தை வைத்து, தேவபராமரிப்பைப் பற்றிப் பிரசங்கம் எழுதி வெளியிட்டார். சரிப்படாத உறவு ஒன்று அவருக்குச் சரிப்படாமலேதான் முடிந்தது, பராமரிப்பின் மேலிருந்த விசுவாசம் மட்டும் போகவில்லை.

அப்பாவின் மனந்திரும்புதலைப் பற்றி. அவருடைய இரட்சிப்பை நான் சந்தேகிக்கவில்லை, அது எனக்கும் உங்களுக்கும் உள்ள வேலையல்ல. ஆனால் "ஆண்டவரே மறந்துட்டாரு" என்பது எனக்கு உதைக்கிறது. பாவங்களை இனி நினையேன் என்று தேவன் சொன்னது அந்தக் கடனை மறுபடி நம்மேல் சுமத்தமாட்டேன் என்ற அர்த்தத்தில். மன்னிக்கப்பட்டவன் வாயை மூடிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் அல்ல. பவுல் எத்தனையோ வருஷம் ஊழியம் செய்த பிறகும், "முன்னே நான் தூஷிக்கிறவனும், துன்பப்படுத்துகிறவனும், கொடுமைசெய்கிறவனுமாயிருந்தேன்" என்று தீமோத்தேயுவுக்குத் தானே எழுதினார். பழசைத் தானே கிளறினார். சகேயு மரத்திலிருந்து இறங்கினதும், ஏமாற்றினது உண்டானால் நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான், யாரும் கேட்காமலே. உங்கள் அப்பாவால் 28 வருஷத்தைத் திருப்பித் தர முடியாது. ஆனால் உங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி, "நான் அவளை அடித்தேன், பிள்ளைகளை விட்டுப் போனேன், அது பாவம்" என்று சொல்ல நாலு வாக்கியம் போதும். டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொண்டேகூடச் சொல்லலாம். அதைச் சொல்லும்வரை, ஞானஸ்நானச் சான்றிதழை வைத்து யாரும் உங்கள் வீட்டுச் சாவியைக் கேட்க முடியாது.

இப்போது திருவிருந்து. நீங்கள் மத்தேயு 5:23-ஐ நினைத்துத்தான் ஒதுங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மறுபடி வாசியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. தப்பு செய்தவன் எழுந்து போகவேண்டும். உங்கள் கதையில் பலிபீடத்தண்டையிலிருந்து எழுந்து போகவேண்டியவர் அப்பா. அவர் சித்தப்பா சபையில் மாதாமாதம் அப்பம் எடுத்துக்கொண்டிருக்க, கட்டிலுக்கு அடியில் கிடந்த பிள்ளை நீங்கள் எழுந்து வெளியே நிற்கிறீர்கள்! மன்னிக்கும்படி நமக்குக் கட்டளை உண்டு, அதை நான் தளர்த்தவில்லை. பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் ஒப்படைப்பது மன்னிப்பின் தொடக்கம். அந்த மனிதர் வலியில் துடிக்கவேண்டும் என்று நீங்கள் விரும்பவில்லை, விரும்பியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. மற்றது மெதுவாக வரட்டும். அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போய் எடுங்கள்.

இனி செய்யவேண்டியது. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையில், நல்ல தகப்பனாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை இல்லை. கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லிப் பெற்றோரைக் கைகழுவினவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஆகவே "அவர் எக்கேடோ கெடட்டும்" என்று நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. நீங்களும் அதைக் கேட்கவில்லை. ஆனால் விசாரிப்பது வேறு, வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. மறுபடியும் யோசேப்பையே பாருங்கள். அவன் தன் வீட்டாருக்கு ஆகாரம் கொடுத்தான், நல்ல நிலம் கொடுத்தான், வண்டி அனுப்பினான். குடியேற்றியதோ எகிப்திலேயே கோசேன் நாட்டில். அது போய் வரக்கூடிய சமீபம்தான், ஆனால் அவனுடைய அரண்மனை அல்ல. உங்கள் அப்பாவுக்கும் ஒரு கோசேன் பார்க்கலாம்.

சித்தப்பா வீட்டிலோ, அதற்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறையிலோ அவர் இருக்க, செலவை நீங்கள் மூன்று பேரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். "உன் இஷ்டம்" என்று அண்ணன் தம்பி சொன்னது பெருந்தன்மையாகத் தெரியும். உண்மையில் அது பாரத்தை முழுக்கப் பெண்பிள்ளை தலையில் கட்டும் வழக்கமான வேலை. டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், போக வர வண்டி, களைத்து வருகிறவரைப் பார்த்துக்கொள்ள ஆள், அளந்து கொடுக்கும் தண்ணீர், உப்பும் பொட்டாசியமும் குறைத்த சாப்பாடு. இத்தனையும் ஒரே வீட்டில் நடந்தால் யார் செய்வார்கள்? நீங்கள் வேலைக்குப் போனபிறகு வீட்டில் இருப்பது அம்மா. அவரை அடித்த கைக்கு அவரே சோறு பிசைந்து கொடுக்கவேண்டி வரும். இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிகிச்சை நடக்கிற இடத்தில் மருத்துவச் சமூகப் பணி அதிகாரி இருந்தால் அவரைப் பாருங்கள், இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். அப்பா தோட்டத்தில் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி கட்டியிருந்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கும் டயாலிசிஸ் உதவிக்கும் தகுதி உண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் ஐசி எண்ணைக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். முதியோர் உதவித்தொகைக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம், உங்களுக்குக் கோலகங்சார் மாவட்ட அலுவலகம். பிள்ளைகளின் வருமானத்தை விசாரிப்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். இந்த அலைச்சலைத் தம்பி செய்யட்டும், ஈப்போவிலிருந்து கோலகங்சார் அவருக்கு எட்டாத ஊர் அல்ல.

பக்கத்து சிங்கப்பூரில் 1995-இலிருந்தே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. வயதான பெற்றோர் பிள்ளைகளிடம் செலவுக்குப் பணம் கேட்டு முறையிடலாம். அந்தச் சட்டத்திலும், முறையிடும் பெற்றோர் அந்தப் பிள்ளையைக் கைவிட்டவரா, கொடுமைப்படுத்தினவரா என்று தீர்ப்பாயம் பார்க்கும். அப்படியிருந்தால் தொகையைக் குறைக்கவோ மனுவைத் தள்ளவோ செய்யலாம். உலகத்துச் சட்டம் கேட்கிற இந்தக் கேள்வியைச் சபை கேட்கக் கூச்சப்படுவது எனக்குப் புரிவதில்லை.

அவர் மறுபடி குடிக்கிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எப்போதாவது குடித்துவிட்டு வந்து வாசலில் சத்தம் போட்டாலோ மிரட்டினாலோ, "அப்பாதானே" என்று இருந்துவிடாதீர்கள். நம் மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் உங்களையும் அம்மாவையும் பாதுகாக்கிறது. 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். அரசாங்க உதவி எண்ணான 15999-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

அம்மாவுக்கு வருகிறேன். தாவீதின் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தான். தாவீது கேள்விப்பட்டு வெகு கோபமானான் என்று எழுதியிருக்கிறது, அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்ததாக எழுதப்படவில்லை. அப்சலோம் அம்னோனைக் கொன்றான், ஓடினான், திரும்பி வந்தான், ராஜா அவனை முத்தமிட்டான், கலகம் வந்தது. ஆண்பிள்ளைகளின் கோபமும் சமாதானமும் அதிகாரம் அதிகாரமாக நடக்கிறது. தாமாரிடம் அப்சலோம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, மவுனமாயிரு என்றான், அதற்குப் பிறகு இத்தனைக்கும் நடுவில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதாக எழுதப்படவில்லை. அண்ணன் வீட்டில் தனிமையாய்க் கிடந்தாள் என்பதோடு அவள் பேச்சு நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் சித்தப்பா, பாஸ்டர், அப்பா, அண்ணன், தம்பி என்று எல்லாரும் பேசியாகிவிட்டது. மகளும் கணவரும் இல்லாத ஒரு நேரத்தில், அம்மா காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அப்பாவைக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை கேட்டால் அந்தத் தலைமுறைத் தாய்மார் "உன் இஷ்டம்மா" என்றுதான் சொல்வார்கள். "சித்தப்பா இப்படிக் கேட்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு சும்மா இருங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல், ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வைக்கட்டும் என்று பேச்சை மாற்றலாம், அதுவும் ஒரு பதில்தான். ஒருவேளை, "வரட்டும், நான் பார்த்துக்கறேன்" என்று அவரே மனதாரச் சொன்னால், அதற்கும் ஒரு தடவை நேரம் கொடுத்து, இன்னொரு நாள் மறுபடி கேட்டுப் பாருங்கள். உங்கள் மகளுக்கும் 13 வயது, அவளுக்கும் வயதுக்கேற்றபடி தாத்தாவைப் பற்றி உண்மை தெரியவேண்டும், சபையில் யாரோ சொல்லித் தெரிய வேண்டாம்.

அம்மா வேண்டாம் என்றால், அது வேண்டாம்தான். அதைச் சித்தப்பாவிடம் அம்மா தலையில் போடாமல் நீங்களே சொல்லிவிடுங்கள். நீளமாகப் பேசவேண்டாம். "சித்தப்பா, அப்பாவுடைய மருந்து, வண்டிச் செலவு, வாடகை எங்கள் மூன்று பேர் பொறுப்பு. மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடும். நான் வந்து பார்த்துவிட்டும் போவேன். என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது." இவ்வளவு போதும். அவர் வசனம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்கு வசனம் சொல்லாதீர்கள். மறுநாள் திரும்பக் கூப்பிட்டால் இதே நாலு வரியைத் திரும்பச் சொல்லுங்கள். முதல் மாதப் பணத்தைச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள், உங்கள் அண்ணன் பங்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.